பதினாறு ஓம்

மண்டபத்தில் கச்சான் வீசும் மாதங்களில்
பித்தளைத் திருகாணிகூடப் பச்சை பூக்கும்.
அப்படியொரு மாலையில்
குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தான் மயூரதன்
ஒரு பழைய வால்வு ஆம்ப்பை.
முப்பத்தொரு கிலோ. நான்கு கண்ணாடிக் குழல்கள்.
கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில் இருந்ததாம் முன்பு.
மலைக்காற்றில் வளர்ந்ததை
உப்புக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

'அக்கா, நாளைக்குத் தங்கச்சிமடத்தில கலியாணம்.
பேஸ் அடிச்சாத் தொண்டை கமறுது இதுக்கு.
கெதியாப் பாத்துத் தாங்கோ.'

ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில்
யாரோ சாக்பீஸால் எட்டு என்று எழுதியிருந்தார்கள்.
எழுத்தை நான் நம்புவதில்லை.
மீட்டரின் முட்களை வைத்தேன்:
மூன்று புள்ளி ஒன்று.
அப்படியென்றால் நான்கு.
மீட்டர் எப்போதும் குறைத்தே சொல்லும்,
பட்ட மீனைக் கரையில் சொல்லும் சம்மாட்டி மாதிரி.

ஆம்ப்பின் பின்பக்கக் குமிழோ
பதினாறில் துருவேறி இறுகியிருந்தது.
பதினாறு எதிர்பார்த்தவனுக்கு நான்கு.
குழலுக்குள் தகடு செம்பருத்தியாய்ச் சிவந்ததற்கு
வேறு காரணம் தேட வேண்டாம்.

பாலிடெக்னிக்கில் இதற்கு
மின்மறுப்பு என்று பெயர் சொன்னார்கள்.
மறுப்பு.
அளக்கும் அலகின் பெயர் மட்டும் ஓம்.
அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாய்ப் படவில்லை,
முகாம் ஆட்கள் யாரையும் தெரியாது அப்போது.

இவன் முகாமில் பிறந்தவன். இவன் வீட்டில்
ஆமாம் கிடையாது, ஓம்தான்.
சாப்பிட்டியா? ஓம்.
பதிவேட்டில் கையெழுத்து வைத்தாச்சா? ஓம்.
இந்த ஊரில்தானே பிறந்தாய்? ஓம்.
அப்ப கார்டு இருக்குமே?
வேலையைப் பாருங்கோ அக்கா.

'பெட்டியே இல்லாமல் ஆம்ப்பை மட்டும் போட்டா
அதுக்குச் சுகம்தானே, சுமை இல்லையே' என்றான்.
போட்டிருக்கிறாயா?
ஒருதரம். உள்ளே நீலமாய் ஏதோ மின்னியது.
அடப்பாவி.
டிரான்சிஸ்டர் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது.
எதிரே மறுக்க ஒருவரும் இல்லையென்றால்
போக இடமற்ற அழுத்தம்
தன் சுருளின் பூச்சையே துளைத்துப் பொறியாகும்.

பின்பலகையைக் கழற்றினேன்.
பதினைந்து அங்குலக் கூம்புகள் இரண்டு,
தலைக்கு எட்டு,
தோளோடு தோள் பக்க இணைப்பாய்க் கட்டியிருந்தது.
ஒரு பிடி மணல். பல்லிமுட்டை ஓடு.
சரியாக அப்போது கரண்ட் போனது.

பற்றிரும்பைக் காஸ் அடுப்பில் காட்டினேன்.
அவன் செல்போன் வெளிச்சம் பிடித்தான்,
கை நடுங்க, என்னைவிடக் கவனமாக.
முதல் கூம்பின் சிவப்பு ஆம்ப்புக்கு.
அதன் கறுப்பு அடுத்ததன் சிவப்புக்கு.
அடுத்ததன் கறுப்பு வீடு திரும்ப.
பன்னிரண்டரை என்றது மீட்டர்.
சம்மாட்டி கணக்கில் பதினாறு.

உண்மையைச் சொன்னால் பதினாறும் பொய்தான்.
ஒவ்வொரு சுரத்துக்கும் அது ஏறி இறங்கும்,
அடிச்சுரத்தில் ஓரிடத்தில் ஐம்பதைத் தாண்டும்.
ஒரே அளவாய் மறுத்துக்கொண்டிருக்க
எந்தக் கூம்புக்கும் முடியாது.
இதை அவனிடம் சொல்லவில்லை.
மணி பத்தாகிவிட்டது, கரண்ட் வந்துவிட்டது,
குழல்கள் சூடேற ஒரு நிமிடம்
சும்மா நின்றோம்.

ஆகத் தடித்த கம்பியை ஒருமுறை தட்டினான்.
தட்டிலிருந்த திருகாணிகள்
ஒன்றையொன்று பார்த்து நகர்ந்தன.
எதிர்க்கடை சேகு நைனா ஷட்டரைப் பாதி தூக்கி
பாம்பன் பக்கம் எட்டிப் பார்த்தார்,
இந்நேரத்தில் என்ன ரயில் என்று.
தகடுகள் சிவக்கவில்லை.

சாக்பீஸ் எட்டைத் துடைத்துவிட்டு
படகுக்கு அடிக்கும் பெயிண்டில்
பதினாறு என்று எழுதினேன்.
கூலி முன்னூறு. நூறு கொடுத்தான்.
மிச்சம் கலியாணம் முடிந்து.

தருவாயா?
ஓம் என்றான்.

மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.